சுவீடன் முதலாளிக்கு எங்கள் ஃபோர்மேன் குரல்

கேலி நாவல் ஒன்றை வைத்து எடுத்த சுவீடன் நாட்டுக் கொலைப் படம். கறுப்பு வெள்ளை, எங்கள் அப்பாக்கள் பிறந்த காலத்துச் சரக்கு. சண்டைப் படம் தேடப்போய் இது மாட்டியது. குவைத்தில், எங்கள் ஃபஹாஹீல் அறையில், வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்து, ஆறு பேர் என் போனை மொய்த்துக்கொண்டிருந்தோம். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை வேகமாக வாசிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லாருக்கும் தமிழில் குரல் கொடுக்கும் வேலை என் தலையில்.

படத்தில் ஒரு மில் முதலாளி. வாயைத் திறந்தாலே வசவு. அவனுக்கு எங்கள் ஃபோர்மேன் குரலைக் கொடுத்தேன். "யல்லா, யல்லா! மாமியார் வூட்டு விருந்துக்கா வந்திருக்க?" அறை குலுங்கியது. எனக்கு ஃபோர்மேன்மேல் ஆத்திரம் இருந்தது. மகள் பிறந்து நடக்கவே தொடங்கிவிட்டாள். நான் இன்னும் தூக்கவில்லை. காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று. லீவு கேட்டால் "மாஃபி லீவு, கிடையாது, வேலை முடியட்டும்" என்று ஒரே பாட்டு.

சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பினால் வாசலில் ஃபோர்மேன். நாளைய சைட் வேலை பற்றிச் சொல்ல வந்தவர். போச்சு, காதுகுத்து போயே போச்சு என்று நினைத்தேன்.

"நிறுத்தாத, பேசு" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

பேசினேன். மில் முதலாளி திடீரென்று தமிழ் வாத்தியார் ஆகிவிட்டான். "தாங்கள் சற்று விரைந்து பணியாற்றுங்கள்." மேல் கட்டிலில் ஒருவன் தலையணையைக் கடித்தான்.

"முன்ன மாதிரியே பேசுடா" என்றார் ஃபோர்மேன். "அதான் பொருத்தமா இருந்துச்சு."

வேறு வழி? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் குரலில் கத்தினேன். ஐயோ, அந்தப் பயத்திலும் எவ்வளவு சந்தோஷம்! அடுத்த காட்சியிலேயே முதலாளி நாற்காலியில் செத்துக் கிடந்தான்.

ஃபோர்மேன் முன்னால் சாய்ந்தார். "எவன்டா கொன்னது?"

மேல் கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நான்தாண்ணே." எங்கள் அறையின் யாழ்ப்பாணத்துக்காரர், "நானும்தான் அண்ணை" என்றார். பிறகு எல்லாக் கைகளும். என் கையும் தானாகவே மேலே போய்விட்டது.

அவர் என்னை மட்டும் பார்த்தார். "நீயுமா?"

"லீவு குடுத்திருந்தா நான் ஊர்லதான இருந்திருப்பேன்? எப்படிண்ணே கொன்னிருப்பேன்?"

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"காதுகுத்துக்குப் போய்ட்டு வா. கலாஸ், பேச்சு முடிஞ்சுது. நான் உசுரோட இருக்கணும்ல?"

கொலைகாரன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குச் சொல்ல மாடிக்கு ஓடினேன். பின்னால் அறையே கத்தியது: "டேய், படம்!"