நடைபாதையில் கடவுளைப் பரப்பக் கூடாது

சாயங்காலம் தாம்பரம் மேற்கில் நடைமேம்பாலப் படிக்கட்டை விட்டு இறங்குகிறவன் கையில் தானாகவே காகிதங்கள் முளைக்கும். ஒன்று மனை விற்கும். ஒன்று மூட்டுவலியைத் தீர்க்கும். ஒன்று முப்பதே நாளில் ஆங்கிலம் பேச வைக்கும். ஒன்று பரலோகத்துக்கு வழி சொல்லும். மனைக்காரர்கள் ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று போட்டிருப்பார்கள். நம்பிப் போனால் செங்கல்பட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு முள்காட்டில் பஸ் நம்மை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். சொர்க்கம் இருக்கும் தூரத்தைப் பற்றி எந்த மதமும் இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் என் காகிதமும் உண்டு. நான் வசன கவிதை எழுதுகிறவன். பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பக்கூட மறந்துவிட்ட வயதுக்கு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் அரிக்கும், வெளியே நடந்தால் கை அரிக்கும். ஆகவே ஒரு பக்கக் கவிதையை நானே அச்சடித்து அந்தப் படியடியில் நின்று கொடுக்கத் தொடங்கினேன். வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அது காலியாக இருந்தால் முகம் மலரும். கணக்குப் போடலாம் அல்லவா.

பரலோகக் காகிதம் அக்காவுடையது. சிட்லபாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ‘வலிக்காது’ என்று அவர் சொல்லும்போதே வலிக்கும். எனக்குக் கடவுளோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவருக்கு என் கவிதைகளோடு கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஏரிக்கரையோரம் போகும்போது தண்ணீரின் மேல் வெயில் கசங்கிய தகரம் மாதிரி கிடக்கும். நான் அதைப் பார்க்க, அவர் என் முதுகில் தட்டுவார். “ரோட்டப் பாரு தம்பி. ஏரி எங்கயும் போயிடாது. நாமதான் போயிடுவோம்.”

படியடியில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் எங்கள் பைகளுக்குக் காவல். அக்கா கொடுக்கும் ஒவ்வொரு புதுக் காகிதத்தையும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். என்னுடையதையும் வாங்குவார். என் காகிதம் தடிமனாக இருக்கிறது, ஷூவுக்குள் திணித்தால் வடிவம் கெடாமல் நிற்கிறது என்று ஒருநாள் பாராட்டினார். என் எழுத்துக்கு வந்த விமரிசனங்களில் அதுதான் குறிப்பானது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர், களைத்த முகம், காலையிலிருந்து யார் யாரிடமோ திட்டு வாங்கியவர் போல இருந்தார். நேராக அக்காவிடம் வந்தார்.

“ஏம்மா, பர்மிஷன் இருக்கா?”

“எதுக்கு சார்?”

“நோட்டீஸ் குடுக்கறதுக்கு.”

“நோட்டீஸ் வக்கீல் குடுக்கறது. இது கைப்பிரதி.”

“ஏதோ ஒண்ணு. கம்ப்ளைண்ட் வந்திருக்கும்மா. மதம் சம்பந்தமா பொது இடத்துல பேப்பர் குடுக்கறதுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். வாங்கிட்டு வந்து நில்லுங்க. அதுவரைக்கும் இங்க நிக்காதீங்க.”

அவர் தலைக்குப் பின்னால், ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதிய சுவரில், ஒரு கோயிலின் கூழ் வார்க்கும் விழா நோட்டீஸ் பசை காயாமல் மின்னிக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

“அது திருவிழா சார். ஊர் வழக்கம்,” என்றார் அவர்.

கல்லாவின் மேல் சாத்தியிருந்த நோன்பு நேர அட்டையைப் பாய் ஓசைப்படாமல் திருப்பி வைத்தார். போன நோன்புக்கு அச்சடித்தது. கீழ்ப்பாதி முழுக்க ஒரு பிரியாணிக் கடை விளம்பரம்.

பிறகு சப் இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. பயமில்லை, ஒருவகையான பெருமை. எழுத்தாளனைத் தேடி அரசு வந்துவிட்டது.

“இது எந்த மதம்?”

“மதமில்லை சார். கவிதை.”

படித்தார். உதட்டை அசைத்து மறுபடியும் படித்தார். கூட வந்த கான்ஸ்டபிளிடம் காட்டினார். அவரும் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“தடுக்கணும்னா முதல்ல புரியணுமே சார். நீங்க குடுத்துக்கினு இருங்க,” என்றார் சப் இன்ஸ்பெக்டர் என்னிடம்.

அவர் போனதும் பாய் சிரித்தார். “உனக்கு லைசன்ஸே வேணாம் மச்சான். உன்னால ஒரு பேஜாரும் வராதுன்னு போலீஸே சர்ட்டிபிகேட் குட்த்துட்டாங்க.”

ஸ்கூட்டரில் திரும்பும்போது அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஏரி வந்தும் முதுகில் தட்டவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். “விடுங்கக்கா. வேற இடமா இல்ல? சானடோரியம் இருக்கு, குரோம்பேட்டை இருக்கு.”

“வண்டிய நிறுத்து.”

நிறுத்தினேன். கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். கல்யாணமான புதிது. வீட்டில் அடி. ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் தாம்பரத்தில் வந்து நின்றிருக்கிறார். கையில் ஒரு பை. வருகிற வண்டியில் ஏறுவது, எந்த ஊரிலும் இறங்குவதில்லை என்பதுதான் திட்டம். படியேறப் போகும்போது யாரோ ஒரு கிழவர் கையில் காகிதத்தைத் திணித்தார்.

“அவ்வளவு நல்லா எழுதியிருந்துதாக்கா?”

“நீ வேற. ஒரே எழுத்துப்பிழை. அச்சு வேற மங்கி, பாதி எழுத்தே விழல. என்னதான் சொல்றான்னு ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டிப் படிச்சேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி போயிடுச்சு.” கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “அப்புறம் பசிச்சுது. டீ குடிச்சேன். எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அதனாலதான் தம்பி, எனக்கு அந்தப் படிதான் வேணும். குரோம்பேட்டைல நின்னு நான் யாருக்கு என்ன பண்ணப் போறேன்?”

மீட்பு என்ற சொல்லின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆனால் தவறவிட்ட ரயில் எனக்குப் புரியும்.

அன்றே மனு எழுத உட்கார்ந்தோம். என்னிடம் பேனா, அவரிடம் பிடிவாதம். ‘துண்டுப் பிரசுரங்கள்’ என்று ஆரம்பித்தேன்.

“துண்டா? அது தோள்ல போடறது. அடிச்சிடு.”

“சரி, பிட் நோட்டீஸ்.”

“பிட்டுன்னா பரீட்சைல அடிக்கறது. இந்த வயசுல என்னை எதுல மாட்டிவிடப் பார்க்கறே? கைப்பிரதின்னு எழுது. எங்க சபையில அப்படித்தான் சொல்வோம். ‘கைப்பிரதி ஊழியம்.’ அழகா இல்ல?”

அழகாகத்தான் இருந்தது. கையில் வைக்கிற பிரதி. ‘கைப்பிரதி விநியோகிக்க அனுமதி கோருதல்’ என்று எழுதினேன். நாட்டின் அரசியலமைப்பு, மதத்தைக் கடைப்பிடிக்க மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். கவிதையில் வராத கம்பீரம் அந்த வரியில் வந்தது.

அலுவலகம் எதுவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பக்கத்துக்கும் அனுமதி கேட்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒரு எழுத்தர் மனுவை வாங்கி, கண்ணாடியை இறக்காமலே படித்தார்.

“இது எந்தத் தலைப்புல வரும்? ஊர்வலமா?”

“இல்லைங்க. ஒரே இடத்துல நிப்பேன்,” என்றார் அக்கா.

“பந்தல் போடறீங்களா?”

“இல்ல.”

“மைக்?”

“இல்ல. வாயே திறக்க மாட்டேன்.”

எழுத்தர் வருத்தப்பட்டார். “மைக் இருந்தா சுலபம்மா. அதுக்குப் படிவம் இருக்கு. சும்மா நிக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லையே.”

நான் அரசியலமைப்பை எடுத்தேன். “பரப்ப உரிமை இருக்கு சார்.”

“யாரு இல்லன்னா? தாராளமா பரப்புங்க. நடைபாதையில பரப்பக் கூடாது. அங்க பழம், துணி, கடலை எதையுமே பரப்பக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்தச் சொல்லுக்கு அவருடைய மேசையில் அந்த அர்த்தம்தான் இருந்தது. கூறு கட்டி, சாக்கு விரித்து, கடவுளைப் பரப்பி வைத்து, ‘வாங்கம்மா வாங்கம்மா’ என்று அக்கா கூவுவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். அக்கா மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

பதில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அக்கா சாயங்காலங்களில் பால்கனியில் நின்றார். பை கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் மட்டும் போய் நின்றேன், அரசு அங்கீகாரம் பெற்ற தீங்கற்றவனாக. பாய் தினமும் கேட்பார்: “அக்கா வர்ல? இன்னா மச்சான், எடமே டல்லடிக்குது. உன் பேப்பர் மட்டும்னா ஷூ கூட வாங்கமாட்டேங்குது.”

ஒருநாள் பதில் வந்தது. அக்கா கதவைத் தட்டி, கையில் கொடுத்து, ‘படி’ என்றார். படித்தேன். தாங்கள் கோரியுள்ள கைப்பிரதி, அதாவது கையால் எழுதப்பட்ட பிரதி, அச்சிட்ட விளம்பரங்களின் வகையில் சேராது என்பதால் அதற்கு அனுமதி ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கலாகிறது.

நான் துள்ளினேன். சபை ஒன்றை நினைத்து வைத்த பெயரை அலுவலகம் வேறொன்றாகப் படித்துவிட்டது. “அக்கா, இதை லேமினேட் பண்ணி வெச்சுக்குங்க. கேட்டா நீட்டுங்க. அச்சடிச்சதையே குடுங்க. அவங்க வார்த்தை, அவங்க முத்திரை.”

“அது கையால எழுதினதுக்கு.”

“உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? கைப்பிரதின்னுதானே போட்டிருக்கு?”

“சத்தியத்தைக் குடுக்கறதுக்குப் பொய்ச் சீட்டு வாங்கிக்கணுமா? உன் கவிதைக்கு வேணும்னா வெச்சுக்கோ.” கடிதத்தை வாங்கி மடித்தார். “ஒரு குயர் பேப்பர் வாங்கிட்டு வா.”

அச்சிலிருந்ததையே கையால் எழுதினார். காலையில் சமையல் முடித்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை. மறுபடி கிளம்பியபோது பையில் பழைய கட்டு இல்லை. மெல்லிய ஒரு அடுக்கு. அதே இடத்தில் நின்றார். சப் இன்ஸ்பெக்டர் வந்தார். கடிதத்தைப் படித்தார். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கையாலதான் எழுதினதாம்மா?”

“பார்த்தா தெரியலையா சார்?”

“எழுதினதுன்னு தெரியுது. என்னன்னுதான் தெரியல,” என்றவர் சிரித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நில்லுங்க.”

உண்மைதான். வேலை பார்த்த காலமெல்லாம் கேஸ் ஷீட்டில் டாக்டர்கள் சொல்லச் சொல்ல ஓடி ஓடி எழுதிய கை. ஒரு வரி முழுக்க ஒரே அலை. நடுவில் எங்கேயோ ஒரு ‘ழ’ மட்டும் கொடிமரம் மாதிரி நிற்கும். அச்சுக் காகிதத்தை அப்படியே கசக்கிப் போட்ட ஜனம் இதைக் கசக்கவில்லை. நின்றது. சாய்த்துப் பார்த்தது. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டது. ஒருத்தர் மருந்துச் சீட்டு என்று நினைத்து எதிரிலிருந்த மெடிக்கல் ஷாப்பில் நீட்டிவிட்டார். கடைக்காரர் மட்டும் தங்குதடையில்லாமல் படித்தாராம். படித்துவிட்டு, “இது மாத்திரை இல்ல சார், கடவுள். ஸ்டாக் இல்ல,” என்று திருப்பிக் கொடுத்தாராம்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வாழ்நாளில் என் எழுத்துக்காகப் போலீஸைத் தவிர ஒருவரும் நெற்றியைச் சுருக்கியதில்லை.

பிறகு ஒரு சாயங்காலம். ஒரு ஆள் வேகமாக வந்தான். சாப்பாட்டுப் பை, வியர்வை, அவசரம். போகிற போக்கில் என் காகிதத்தையும் அக்காவின் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு படியேறினான். பாதிப் படியில் நின்றான். அக்காவின் காகிதத்தை முகத்தருகே கொண்டுபோனான். தூரத்தில் பிடித்தான். உதடு அசைந்தது. மேலே ரயில் வந்து நிற்கிற சத்தம், போகிற சத்தம். நிமிர்ந்தான்.

“இன்னாக்கா இது! இன்னா எய்தி கீறே? ஒரு எய்த்து புரியல! உன்னாலதான் வண்டி பூட்ச்சு!”

அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்தார். ஊசி போடுகிற பிடி.

“தம்பி, வண்டிய விட்டுட்டான்!”

“எங்க போறான்னு கேளுங்க முதல்ல.”

“எங்கப்பா போகணும்?”

“வூட்டுக்குத்தான். கூடுவாஞ்சேரி. வேற எங்க போவாங்க?”

அதில் ஒரு குறையும் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. “வீட்டுக்கா? நல்லது, நல்லது. அடுத்த வண்டி வர்றதுக்குள்ள ஒரு டீ குடி,” என்றார். பாய் டீக்குக் குரல் கொடுத்தார். அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

“இந்த லைன்ல இன்னா போட்டுக்கீது, அதையாவது சொல்லு.”

“நீயே படி. அவசரமில்ல.”

புழுக்கமான சாயங்காலம். அவன் என் கவிதையை நான்காக மடித்து விசிறிக்கொண்டே, அக்காவின் காகிதத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். அடுத்த வண்டியும் வந்து போனது.