ஒரு லைட்டு எனக்குச் சக்களத்தியான கதை

எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள். சிவப்பாக இருப்பாள். பேனா சைஸ்தான். வாயே திறக்க மாட்டாள். சுவிட்ச் போட்டால் எரிவாள்.

எரிந்தது அவள்... வயிறு எரிந்தது எனக்கு!

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். கடைவாய்ப் பல் வலியை கிராம்பு வைத்தே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார். சீழ் தாடை எலும்புவரை இறங்கி, முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிய பிறகுதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பல்லைப் பிடுங்கி, சீழை எடுத்து, எலும்பைச் சுரண்டி... ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாய்? ஒரு விரல்கூட நுழையவில்லை.

மாத்திரை மருந்தோடு டாக்டரம்மா இரண்டு வேலை சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்து லேசர் லைட் வைத்துக்கொள்வது — வலியும் வீக்கமும் குறைய, புண் ஆற அது ஒரு துணை. இன்னொன்று, வீட்டில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு குச்சியாகக் கூட்டி வாயைத் திறக்கப் பழக்குவது.

லைட் அவர்கள் வேலை. குச்சி என் வேலை.

லைட்டைப் பார்க்க எப்படிப் போவார் தெரியுமா? தலை வாரி, அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு! கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். நாற்காலியில் புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்துகொள்வார். சூடு இல்லை, வலி இல்லை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

என்னிடம்? குச்சியைக் கையில் எடுத்தாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள்!

"இன்னும் ஒரே ஒரு குச்சிதாங்க..."

"போடி ராட்சசி! கொல்லப் பாக்குறியா?" — திறக்காத வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும்.

மூன்று வேளையும் அரைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்த கஞ்சி கணக்கிலேயே வரவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: "எல்லாம் அந்த லைட்டுதாம்பா. இன்னா பவரு தெரியுமா!"

மாமல்லபுரத்தில் சங்கு, பாசிமணிக் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் இவருடைய பள்ளிக்கூட சிநேகிதர். அவரும் வந்து கேட்டுவிட்டு, "அப்டின்னா அந்த லைட்டயே வூட்டுக்குக் கூட்டினு வந்துடு மச்சான்" என்றார்.

"கூட்டினு வரட்டும் பாய். அதுக்குக் கஞ்சி வடிக்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"தங்கச்சிக்குக் கோவத்தப் பாரு!" என்று பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகவே வலித்தது. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை என்னையும் சேர்த்துச் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?

போன வாரம் கடைசி சிட்டிங். வாயைத் திறக்கச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று விரல் தாராளமாகப் போனது.

"வீட்ல குச்சி எக்சர்சைஸ் விடாம பண்ணிருக்கீங்க. லைட்ட மட்டும் நம்பியிருந்தா இவ்ளோ தொறந்திருக்காது" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து இவரைப் பார்த்தேன். இவரோ... மிஷினைத் தடவிக்கொடுத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்!

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. வலிக்காமல் நல்லது செய்கிறவர்களுக்குத்தான் உலகம் மாலை போடுகிறது. வலிக்க வலிக்க நல்லது செய்கிற ஆளுக்கு? ஊசி போடும் நர்ஸ், கணக்கு டீச்சர், கட்டின பெண்டாட்டி — எல்லாருக்கும் ஒரே பட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கறித்துண்டை முழுசாக வாய்க்குள் போட்டார் மனுஷன். அந்த நேரம் பார்த்து பாய் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா மச்சான், வாய் தொறந்துச்சா? எல்லாம் லைட்டு புண்ணியந்தானா?"

தண்ணீர் வைக்கிற சாக்கில் நான் அங்கேயே நின்றேன்.

"லைட்டு பாதி பாய்" என்றார். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மீதி... இங்க ஒரு ராட்சசி கீறா."

கண் கலங்கிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன்?

ஆனாலும்... பாதியா? அந்த லைட்டுக்கும் எனக்கும் சரிபாதியா?!