பூஜையில் வைத்த பன்னிரண்டு வார்த்தைகள்

ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. நான் கட்டியது. அதற்கு மேலே இருக்கும் வீடும் நான் கட்டியதுதான். இந்தப் பக்கத்துக் கடைகளில் பாதிக்கு மேல் என் ஷட்டர். கோயில் இரும்பு கேட், கல்யாண மண்டபத்து மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் என் கை வேலை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன், கன்னடம் தெரியாமல், ஒரு வாடகை மிஷினோடு இந்த ஊரில் நின்றேன். ஒரு மழைக்காலம் தாங்க மாட்டான் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டு ஜன்னலுக்கும் நான்தான் கிரில் போட்டேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடும் அடித்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானே சொல்கிறேன்.

என் மகளுக்கு வைட்ஃபீல்டில் வேலை. அதோடு கிரிப்டோ வாங்கி விற்கிறாள். சூதாட்டமா என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல நைனா. போனா தாங்குவேன்ற காசதான் போடறேன். அதையும் ஒரே காயின்ல வெக்க மாட்டேன்."

நானும் ஒரே பில்டரை நம்பிப் பட்டறை நடத்தியதில்லை. என் ரத்தமாயிற்றே.

கிடைத்த லாபத்தை, வீடு வாங்குவதற்காக, பென்டிரைவ் போன்ற ஒரு குட்டிப் பெட்டியில் பூட்டி வைத்தாள். வேலட் என்பாள். அது தொலைந்தால் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைச் சொல்லிக் காசைத் திரும்பப் பெறலாம். அதே வார்த்தைகள் இன்னொருவனுக்குக் கிடைத்தால், அவன் எங்கிருந்தும் மொத்தத்தையும் எடுத்துவிடுவான். போய் அழுவதற்கு ஒரு பேங்க் மேனேஜர்கூடக் கிடையாது. காகிதத்தில் எழுதினால் நனையும், எரியும். அதனால் என்னிடம் வந்தாள். ஸ்டீல் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாக பஞ்ச் வைத்து அடித்துக் கொடுத்தேன். பெட்டி அவளிடம், தகடு என் பீரோவில்.

ஆயுத பூஜை வந்தது. மிஷின், கிரைண்டர், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி விபூதி பூசினேன். மகள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் தொழிலுக்கும் ஓர் ஆயுதம் வேண்டாமா? பீரோவைத் திறந்து தகட்டை எடுத்து நடுவில் வைத்தேன். மூன்று விரலால் தாராளமாகப் பட்டை இழுத்தேன். அழகாக இருந்தது. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன்.

உடனே போன் வந்தது. "நைனா, அந்த போட்டோவ அழி. எல்லாருக்கும் அழியற மாதிரி அழி!"

அழித்தேன். மெட்ரோவில் வந்து இறங்கியவள் முகத்தில் ரத்தமே இல்லை. லேப்டாப்பும் புதுப் பெட்டி ஒன்றும் கையில்.

"நம்ம ஆளுங்கதானே பாப்பா பாத்திருப்பாங்க. உங்க பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பே ஒழுங்கா தெரியாது."

"அவருதான் நைனா எல்லாத்தையும் ஊருக்கே ஃபார்வேர்டு பண்றாரு."

என் மனைவி சும்மா இருப்பாளா? "ஊரு கடைக்கெல்லாம் ஷட்டர் போட்ட மனுஷன், பொண்ணு பெட்டிய மட்டும் தொறந்து காட்டிட்டாரு."

மகள் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வார்த்தைகளை விபூதி மூடியிருந்தது. கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டாள். "இன்னாத்துக்கு நைனா இவ்ளோ விபூதி?" பிறகு தலையை ஆட்டினாள். "பாதி தெரிஞ்சாலும் தெரிஞ்சதுதான். எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடணும்."

புதுப் பெட்டி கொடுத்த புது வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பழைய பெட்டியிலிருந்து முதலில் கொஞ்சம் காசு அனுப்பிப் பார்த்தாள். அது சேர்ந்ததும் மொத்தத்தையும் அனுப்பினாள். திரையைப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூட வாசலில் பிடித்த அதே பிடி.

"வந்துடுச்சி நைனா."



"தகடு நாளைக்கு அடிச்சிக்கலாம். இன்னிக்கு நீ சுத்தியல் தொட மாட்டியே" என்றாள்.

உண்மைதான். எத்தனை பேர் கெஞ்சியும் அந்த நாளில் நான் கருவியைத் தொட்டதே கிடையாது. அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். வியர்வையில் ஊறியிருந்தது. சாமி முன்னாலிருந்து சுத்தியலை எடுத்தேன், வைத்த பூவோடு. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு விளக்கை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். மகள் என் தோளில் சாய்ந்து ஒவ்வோர் எழுத்தாக மெல்லச் சொல்ல, நான் புதுத் தகட்டில் அடித்தேன். முடிந்ததும் காகிதத்தைக் கற்பூரத்தில் காட்டினாள். எரிந்து போயிற்று.

இப்போது ஆபீசில் இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு அவள் சொல்லித் தருகிறாளாம். வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், ஸ்டீலில் அடித்து வையுங்கள் என்று. நல்லது. ஆனால் போட்டோ கதையைச் சொல்லும்போது 'எங்க நைனா' என்கிறாள். தகட்டுக்கு வரும்போது வெறும் 'ஒரு தகடு' என்கிறாள். இது நியாயமில்லை. தகடு என்னுடையது. விபூதி என்னுடையது. ஆயுத பூஜையன்று சுத்தியல் எடுத்த கையும் என்னுடையது. பாப்பா, அதையும் சேர்த்துச் சொல்.