வாயிலில் நின்ற பேருந்து

சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்திற்கு அண்மையில், நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் இல்லம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் மனைவி உறக்கத்தை இழந்தாள். படுத்தவுடன், ஏதோ ஒரு பேருந்து வாயிலில் நின்று உறுமுவதாகக் கூறுவாள். வெளியூர் செல்லும் வண்டிகள் ஓயாது கடக்கும் சாலையாதலால், நான் அதனை ஐயுறவில்லை.

பொறியியல் கல்லூரியில் கற்பித்துவந்த எங்கள் மருமகன், ஒரு ஞாயிறன்று தம் கணிப்பொறியைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதிலிருந்த மென்பொருள், சாலையின் இரைச்சல் வீட்டினுள் எவ்வளவு புகும் என்று கணிக்கும். சுவரின் கனம், சன்னலின் அளவு, சாலையின் தொலைவு ஆகியவற்றை அளந்து உள்ளிட்டார். திரையில் எங்கள் வீட்டின் வரைபடம் தோன்றியது. படுக்கையறை முழுதும் இரைச்சலைக் குறிக்கும் சிவப்பு.

"ஏனுங்க மாப்பிள்ளை, நம்ம ஊட்டு மேல குங்குமத்தக் கொட்டிப்போட்டீங்களே!" என்றாள் மனைவி.

"பொறுங்க அத்தை. சன்னலுக்கு ரெண்டாவது கண்ணாடி போட்டா என்னாகுதுன்னு பாக்கலாமுங்க."

அவர் சில எண்களை மாற்றினார். சிவப்பு வடிந்து பச்சையாயிற்று. அந்தப் பச்சையை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவ்வாறே தச்சரை அழைத்து இரண்டாம் கண்ணாடியும், இடுக்குகளில் ரப்பர்ப் பட்டையும் பொருத்தினோம். அறைக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. ஆயினும் அவள் உறங்கவில்லை.

"முன்னையக் காட்டியும் இப்பத்தானுங்க கிட்ட வந்து நிக்குது" என்றாள்.

மருமகன் மீண்டும் வந்து அளந்தார். கணக்கில் பிழை காணாது, தம்மீதே ஐயங்கொண்டு திரும்பினார்.

சின்னாள் கழித்து ஊரில் முழு அடைப்பு. நண்பகலில் வாயிலுக்குச் சென்றேன். வெறுஞ்சாலையின் நடுவே ஓர் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வந்தபோது அவள் சன்னலை நோக்கி அமர்ந்திருந்தாள்.

"அடைப்புன்னு சொன்னாங்க. அப்புறம் எந்த வண்டிங்க வாசல்ல உறுமுது?"

நான் இரு கண்ணாடிகளையும் திறந்தேன். எழுந்து வந்து சாலையை இருபுறமும் நெடுநேரம் பார்த்தாள். பின்னர் இரு கைகளாலும் செவிகளைப் பொத்தினாள், எடுத்தாள், மீண்டும் பொத்தினாள்.

"அப்ப இது எனக்குள்ளதானுங்களா நிக்குது?"

அது செவியே எழுப்பும் ஒலி என்றும், அதனை முற்றிலும் நீக்க இயலாது என்றும், புற ஒலி அதனை ஓரளவு மறைக்கும் என்றும் காது மருத்துவர் கூறினார். வீடு திரும்பியதும் இரண்டாம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள்.

"மறுபடியும் செவப்பாயிருமுங்க அத்தை" என்றார் மருமகன்.

"ஆவட்டுங்க மாப்பிள்ளை. பச்சையில அது மட்டுந்தானுங்க கேக்குது."

சாலையின் இரைச்சலில் அவள் உறங்கத் தொடங்கினாள். எனினும், ஒரு வண்டி கடந்து மறுவண்டி வருமுன் விழும் அமைதியில் அவள் இமைகள் அசையும். அருகில் படுத்திருக்கும் நான், நிலையத்திலிருந்து அடுத்த பேருந்து புறப்படும் ஓசைக்காகச் செவி சாய்த்துக் காத்திருப்பேன்.