அக்கா வீட்டு மேசை விளக்கு

அக்கா என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு முதலில் அவளுடைய ஒரு காது கேட்காமல் போனது, பின்னர் மற்றதும். பேச்சு முன்பு போலவே இருக்கிறது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துச் சொல்வதைப் பிடித்துக்கொள்வாள். அத்தான் கனடாவில், பிறம்ரன் நகரில் ஒரு கொம்பனிக்கு ட்ரக் ஓடுகிறார். புறப்பட்டால் திரும்ப நாலைந்து நாளாகும். எந்த நேரத்தில் வருவார் என்பது அவருக்கே நிச்சயமில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் அத்தான் வந்தபோது அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவர் தோளில் தொட்டார். திடுக்கிட்டுத் திரும்பியதில் கொதிக்கும் கஞ்சி அவள் கையில் கொட்டிவிட்டது. அதன்பிறகு அத்தான் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவளுக்கு அதிர்வு தெரியட்டும் என்று காலைத் தரையில் ஓங்கி அடித்து நடந்தார். கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த குடும்பம் வந்து முறையிட்டது.

என் வேலை மார்க்கம் நகரில், வீட்டுப் பாவனைக்கான கருவிகளை வடிவமைக்கும் ஒரு சிறிய கொம்பனியில். ஆகவே இதை நான் சரிசெய்துவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். கதவு திறந்தால் பளிச்சுப் பளிச்சென்று வெட்டும் விளக்கொன்றை முதலில் பூட்டிக்கொடுத்தேன்.

“உது வீடோ, பொலிஸ் காரோ?” என்றாள் அக்கா. “அவர் உள்ளுக்கு வர முதலே எனக்கு நெஞ்சு படபடக்குது.”

அடுத்து, கதவு திறந்தால் அதிரும் கைமணிக்கூடு ஒன்றைக் கொண்டுபோனேன். மா குழைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதைக் கழற்றி வைத்தாள். பிறகு கட்ட மறந்துபோனாள்.

ஒரு சனிக்கிழமை கையில் எதுவும் கொண்டுபோகாமல் அவள் வீட்டில் போய் இருந்தேன். சமைக்கும்போது அடிக்கடி தலையைத் திருப்பி ஹோல் மூலையைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ஆராவது நிக்கினமோ எண்டு பாக்கிறது. பழகிப்போச்சு.”

அந்த மூலையில் ஏற்கெனவே ஒரு மேசை விளக்கு இருந்தது. அதற்குள் ஒரு சிறு கருவியை வைத்தேன். அத்தானின் போன் வாசலுக்கு வந்ததும், அடுப்படிச் சுவரில் தெரியும் அளவுக்கு விளக்கின் வெளிச்சம் மெல்ல ஏறும். அவர் புறப்பட்டுப் போனால் மெல்ல இறங்கி அணையும்.

அத்தான் காலை அடித்து நடப்பதை விட்டார். அவர் ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவும்போதே, அடுப்படியிலிருந்து திரும்பாமல், “சாப்பிட்டியளோ?” என்று அக்கா கேட்கத் தொடங்கினாள்.

சில கிழமைகள் கழித்துப் போனபோது விளக்கின் வயர் கழற்றிக் கிடந்தது.

“பழுதாப் போச்சோ?” என்று கேட்டேன்.

“பழுதொண்டுமில்லை. அவர் வாறதைச் சொல்லுறது நல்லாத்தான் இருக்கு. போறதை ஏன் சொல்லவேணும்? வாசலிலை நிண்டு கையைக் காட்டி அனுப்பிப்போட்டு உள்ளுக்கு வந்தா, உது மெல்ல மெல்ல நூருது. ஆரோ சாகிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

அந்த மெல்ல அணையும் வேகத்தைச் சரிப்படுத்துவதற்குத்தான் நான் அதிக நாட்கள் செலவழித்திருந்தேன்.

“அப்ப டக்கெண்டு நூரட்டோ?”

“வேண்டாம். ஏத்திறதை அது ஏத்தட்டும். நூர்க்கிறதை நான் நூர்க்கிறன்.”

அன்றைக்கே அப்படி மாற்றினேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அத்தான் வந்துவிட்டால், வெளிச்சம் ஒருமுறை தாழ்ந்து திரும்ப ஏறும்படியும் செய்தேன். இந்தக் கருவியை விற்பனைக்கும் செய்யலாம் என்று ஒப்பிஸில் காட்டியபோது, மேலாளர் இந்த மாற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. தானாக அணைவதுதானே வசதி, மறந்துபோனால் என்ன செய்வது என்றார். மறந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, விரும்பியவர்கள் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

அத்தான் வெளிக்கிட்ட பிறகு சில நாட்களில் அக்கா விளக்கை உடனே அணைத்துவிடுகிறாள். சில நாட்களில் படுக்கப் போகும்வரை எரியவிடுகிறாள். எதனால் என்று நான் கேட்டதில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு அன்ரி, “லைற் நல்ல வடிவாயிருக்கு, எங்கை வாங்கினது?” என்று கேட்டாராம். அக்கா மேசை விளக்கு வாங்கிய கடையை மட்டும் சொல்லியிருக்கிறாள்.