சிவப்புப் பூ வந்த அன்று அத்தை அம்மனிடம் பேசியது

என் மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பங்குனி மாசம், தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் கொடி ஏற இருந்த நேரம், நாங்கள் வரிசை வீடாகக் குடியிருந்த லயத்தில் அம்மா இறங்கினாள். அம்மை என்று நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். கடைசிக் காம்பராவில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேப்பிலை ஏறியது. எங்கள் வாசலிலும் ஏறியது.

மற்றப் பிள்ளைகளுக்கு முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அதுகள் வெளியில் விளையாடவும் தொடங்கிவிட்டன. செல்விக்கு மட்டும் காய்ச்சல் விடவில்லை. இருமல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. கஞ்சி இறங்கவில்லை. பெற்ற என்னையே யாரோ போலப் பார்த்தாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. இவள் இல்லாமல் எனக்கு வீடு எதற்கு, அடுப்பு எதற்கு என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், டாக்டர் ஐயா இல்லையா என்று. இருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் அம்மா உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் அது அவளையே குத்தியது போல. தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வாசப்படி தாண்டவும் கூடாது. அதனால் அவர் லயம் பார்க்க வருகிற அன்று, பிள்ளை சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போயிருக்கிறது என்று எல்லா வீட்டிலும் ஒரே பதிலைச் சொல்லுவோம். எத்தனை பிள்ளைகள் ஒரே நாளில் சொந்தம் பார்க்கப் போகும் என்று அவரும் கேட்டதில்லை.

இனி என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரைப் பெற்றவர். பெயர் அங்கம்மா. கொழுந்து எடுத்து ஓய்ந்த பிறகு பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தார். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறபோது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. வாய் கொஞ்சம் நீளம். கங்காணியிலிருந்து பூசாரி வரைக்கும் அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் வயிறு நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் காலையில் மாரியம்மன் கோயில் பக்கம் கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அம்மனிடமும் அவர் பேசுவது சண்டைக்குப் போகிறவர் மாதிரித்தான் இருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை செல்வியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இது அம்மாவால வாங்குற மூச்சு இல்ல புள்ள. இது வேற," என்றார். "இவள டாக்டர் ஐயாகிட்ட தூக்கிட்டுப் போகணும்."

என் வீட்டுக்காரர் விடவில்லை. "அம்மா, தெய்வ குத்தமாயிரும். பூப் போட்டுக் கேட்டுட்டுப் போங்க," என்றார்.

அவரைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, வெளியே தெரியாதபடி கட்டி, அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. என்னை எடுக்கச் சொன்னார். தாயே, வெள்ளையைக் கொடு, வேறு எதுவும் வேண்டாம் என்று கும்பிட்டுத்தான் எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

நான் அங்கேயே மடிந்து உட்கார்ந்துவிட்டேன். கேட்டதை அவள் என் முகத்திலேயே திருப்பி எறிந்துவிட்டாள் என்று இருந்தது. அழுகைகூட வரவில்லை.

அத்தை அந்தப் பூவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அம்மனுக்கு முன்னால் நேராக நின்றார். சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசினார்.

"சரி ஆத்தா. நீ சொன்னது கேட்டுச்சு. இப்ப நான் சொல்றத நீ கேளு. என் கடைசி மகளுக்கும் இப்புடித்தான் மூச்சு வாங்குச்சு. ஒன் பேச்சக் கேட்டு வீட்டுலயே வச்சிருந்தேன். குடுத்துட்டேன். ஒன்னைய ஒரு வார்த்த கேக்கல. இந்தப் புள்ளைய குடுக்க மாட்டேன். தூக்கிட்டுப் போறேன். மீறுறது நானு. தண்டனை இருந்தா என் ஒடம்புல போடு. பச்சப் புள்ள மேல கை வைக்காத."

இப்படி ஒரு மகள் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பூசாரி முன்னால் வந்தார். "என்ன அங்கம்மாக்கா இப்புடிப் பேசிட்டீங்க?"

"நீங்க வெளக்கு அணையாமப் பாத்துக்கங்க. நாங்க வார வரைக்கும் அவ முழிச்சிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அத்தை இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினோம். மழை. என் வீட்டுக்காரரும் கடைசியில் மனம் கேளாமல் பின்னாலேயே ஓடி வந்து பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டார். நான் என்ன கும்பிடுவது என்று தெரியாமல் நடந்தேன். செல்விக்காக ஏற்கெனவே கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அதனால் வழி முழுக்க வேறொன்றைக் கேட்டேன். தாயே, அத்தை பேசியதை மனசில் வைக்காதே. அவர் பெற்ற வயிறு எரிந்து பேசினார். இரண்டு பேரையும் எனக்குத் திருப்பிக் கொடு.

டாக்டர் ஐயா பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் திட்டவில்லை. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, ஒரு நாள் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார். உடனே ஊசி போட்டார். அங்கேயே வைத்துக்கொண்டார். சில நாளில் மூச்சு சீரானது. ஒரு காலையில் செல்வி என் முகத்தைப் பார்த்து, "அம்மா, ரொட்டி வேணும்," என்றாள். அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

செல்வி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலே அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் நெற்றியில் முத்து. அத்தனை வருஷமாக அத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கியும் அவருக்கு ஒருமுறையும் வந்ததில்லை. லயமே சொன்னது, அத்தை கேட்ட தண்டனையைக் கொடுக்க அம்மா வந்துவிட்டாள் என்று. பேத்தியை விட்டுப் பாட்டியைப் பிடித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். வயதானவர்களுக்கு அது பொல்லாதது என்று டாக்டர் ஐயாவும் சொன்னார். அவரைத்தான் இந்தத் தடவை அத்தையே வரச் சொல்லியிருந்தார். வாசலில் வேப்பிலை இருந்தது, அதைக் கையால் ஒதுக்கிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

நான் ஒவ்வொரு நாளும் கோயிலில் விழுந்து கிடந்தேன். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. மழையில் கேட்டதையே கேட்டேன். உடம்பு முழுக்க முத்து வாரி இறைத்திருந்தது. ஒரு வாரம் அனலாகக் கிடந்தார். அதன் பிறகு காய்ச்சல் விட்டது. தண்ணீர் ஊற்றினோம். வாசல் வெயிலில் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டேன், "பயந்துட்டீங்களா அத்தை? தண்டிக்க வந்துட்டாளோன்னு?"

"தண்டிக்க வாரவ இம்புட்டு நாளு கூடவே இருந்து பாத்துட்டுப் போவாளா?" என்றார். "அன்னிக்குக் கோயில்ல வச்சுப் பேசிட்டு வந்துட்டேன்ல. மிச்சத்தப் பேச வீட்டுக்கு வந்திருந்தா. பேசித் தீத்துட்டோம்."

அன்றைக்கு எனக்குத் தெளிந்தது. நான் பூவில் ஒரு பதில் கேட்டேன், அவள் அத்தையின் வாயிலும் டாக்டர் ஐயாவின் கையிலும் பதில் கொடுத்தாள். மழையில் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தாள். இரண்டு பேரையும் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் யாரும் பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. வேப்பிலையும் கட்டினோம், டாக்டர் ஐயாவையும் கூப்பிட்டோம்.

அத்தை பிறகும் வெகுகாலம் எங்களோடு இருந்தார். செல்வி பெரியவளாகி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனதையும் பார்த்தார். வாய் மட்டும் குறையவேயில்லை. போன ஐப்பசியில் படுத்தார். கடைசி நாள் சாயங்காலம் நான் கஞ்சி கொடுக்கும்போது அவர் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்னத்துக்குப் பயம்? தெரியாத வீட்டுக்கா போறேன்," என்றார்.

மறுநாள் விடிந்தபோது போய்விட்டார்.

இதை வாசிக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்லுவது இதுதான். அவளிடம் கேளுங்கள். கேட்டது வரவில்லை என்றால் கோபப்படுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அவளும் உங்களோடு வருவாள். எங்களோடு வந்தாள்.