இரும்பில் பதிந்த தையல்

நாகலாபுரம் போய்ச் சேர இன்னும் இரண்டு மைல் இருந்தது. ஆனி மாதக் காற்று எதிரே அடித்தது. கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததால் பாதையை விட்டு இறங்கினால் கால் உள்ளே போய்விடும். பாதையிலோ கணுக்கால் வரைக்கும் புழுதி. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் கிளம்பும்போது கொஞ்சம் கூடுதலாகச் சாமான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

திரும்பிப் பார்த்தால் சீமைக்கருவேல மரங்களுக்கு மேல் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தது. அந்த வீட்டில் இப்போது என் முதலாளி ஒருவர்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் தன் கைத்துப்பாக்கியோடு தாலுகா ஆபீஸில் நிற்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்குமுன் துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணைச் சரிபார்ப்பார்கள். அந்த எண்ணில் பாதியை நான் அழித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தால் இன்னும் கெடுதல் என்பதால் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் நிலக்காரர். முப்பது வருஷத்துக்கு முன் வரப்புத் தகராறில் அவருடைய அண்ணனைப் பருத்திக் காட்டில் வைத்து வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாங்கிய ரிவால்வர் அது. எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் இடுப்பில் அது இல்லாமல் காட்டுக்குப் போகமாட்டார். மனைவி இறந்துபோய்விட்டார், மகன் துபாயில். காவலுக்கும் மோட்டார் போடவும் கடைக்குப் போகவும் ஓர் ஆள் வேண்டுமென்று யாரோ சொன்னார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆம்பூர்த் தோல் ஷெட்டு, திருப்பூர், கோயம்புத்தூரில் சீட் கவர் கடை என்று அலைந்து முடித்திருந்தேன். ஒரு மாதம் இருந்து பார்க்கலாமென்று போனேன்.

நான் போனபோது அவர் கேன்வாஸ் உறைதான் வைத்திருந்தார். பட்டாளத்துப் பச்சையில், மேலே மூடி போட்டது. வெளியே பார்க்கத் துணி மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் கரிசல் தூசி அதன் இழைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் உதறினாலும் வராது. ஒவ்வொரு முறை துப்பாக்கியை எடுத்து வைக்கும்போதும் அந்தத் தூசி இரும்பை உரசும். துப்பாக்கிக்கு இருக்கும் கருநீலம் பெயிண்ட் கிடையாது. இரும்பின் தோலையே கருக்கி எடுத்த நிறம். உரசினால் பொரிந்து விழாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். குழாயின் நுனியும் குண்டு போடும் உருளையின் விளிம்பும் தேய்த்த அலுமினியச் சட்டி போல வெள்ளையாகிக் கிடந்தன.

அந்த வருஷம் மகன் லீவில் வந்தபோது ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்தான். துப்பாக்கியின் உருவத்துக்கே வார்த்தது போல இருக்கும். உள்ளே போட்டால் டக்கென்று பிடிக்கும். வியர்வை குடிக்காது, துரு ஏறாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அது எங்கே தொடுகிறதோ அங்கேதான் தொடும். நாலைந்து மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஊசியால் கீறியது போல் வெள்ளைக் கோடு விழுந்தது. நடுவில் ஒரு மண்துகள் மாட்டிக்கொண்டால் அது வெளியே போக வழியே இல்லை.

“பொட்டி மாதிரி இருக்குலே. நடந்தா கடகடங்குது. எதிராளி நான் வாரத ஒரு மைலுக்கு அங்கனயே கேட்டுருவான்” என்றார்.

“தோல்ல தைச்சுத் தரட்டுமா மொதலாளி?”

“ஒனக்குச் செருப்பே தைக்கத் தெரியாதே. போன வாரம் வார் அறுந்து கடைக்குத்தானே போன?”

“செருப்பு வேற. இது பை மாதிரி.”

ஒரு மாதம் கழித்து அவரே கேட்டார். குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு ரிவால்வரைச் செய்தித்தாளின் மேல் வைத்தார். “தொடாத. சுத்தி வரைஞ்சுக்கோ. உரிமம் இருக்கவன் தவிர எவனும் தொடக்கூடாது. சட்டம்” என்றார். கை படாமல் பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஆனால் அளவு சரிபார்க்கும்போது தொடாமல் எப்படி? தொட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு அதைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையும் எனக்கு வந்துவிட்டது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

ஆம்பூரிலிருந்து கூடவே கொண்டுவந்த ஒரு தோல்துண்டு என்னிடம் இருந்தது. தடிமனாக, தேன் நிறத்தில் இருக்கும். அதை நனைத்து, துப்பாக்கியைப் பாலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, உருவம் பிடிக்க வைத்தேன். அடியில் ஒரு துளை விட்டேன், புழுதி கீழே கொட்டிவிடும். எண் இருக்கிற பக்கம் உறுதியாக இருக்கட்டும் என்று உள்ளே இன்னொரு பட்டை வைத்து இரட்டைத் தையல் போட்டேன். தோல் உரசுவது வேறு மாதிரி. அதுவும் தேய்க்கத்தான் செய்யும், ஆனால் ஓர் இடத்தில் கீறாமல் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்க்கும். பழைய மாட்டு வண்டியில் கை படும் இடம் வழவழவென்று ஆவது போல. ஒன்றரை வருஷத்தில் புதிதாக ஒரு கோடுகூட விழவில்லை. அவர் அதைச் சொல்லமாட்டார். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் துண்டை ஒதுக்கி உறை தெரிகிற மாதிரி உட்காருவார்.

தேர்தல் அறிவித்தார்கள். எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்து உத்தரவு வந்தபிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள். அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம். விஷயம் தெரிந்தவர்கள் துப்பாக்கியில் எண்ணெய் போட்டுப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள். நான், என் உறை இருக்கும்போது துணி எதற்கு என்று நினைத்தேன். தோலுக்கும் பளபளப்பு வரட்டும் என்று, கிணற்றில் நீர் இறைக்கும் கமலைத் தோலுக்குப் போடுவது போல வேப்பெண்ணெய் தேய்த்து, அதிலேயே வைத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். பங்குனி வெயிலில் நான் பைக்கை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். சட்டை முழுக்க வியர்வை. அந்த ஈரத்தோடு உறையை ஸ்டேஷன் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

அது இல்லாத அந்த நாட்களில் அவர் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. கடைசிப் பருத்தி எடுப்பை நான்தான் நின்று பார்த்தேன். நான் காட்டிலிருந்து திரும்பும்வரை கேட்டில் நிற்பார். “எவனும் வந்தானா? எவனும் கேட்டானா?” என்பார். யார் வரப்போகிறார்கள்? வெட்டியவர்களே செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இருந்தாலும் நான் தினமும் “யாரும் வரல மொதலாளி” என்று சொல்வேன். அதைக் கேட்டபிறகுதான் சாப்பிட உட்காருவார். என் வாழ்க்கையில் என் வரவுக்காக ஓர் ஆள் வாசலில் நின்றது அந்த இரண்டு மாதம்தான். அது அவருடைய பயத்தால்தான் என்று தெரியும். இருந்தாலும்.

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று காலையில்தான் அதைத் திரும்ப வாங்கப் போனோம். ஏட்டையா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உறை அம்சமா இருக்கே அண்ணாச்சி. எங்க வாங்குனிய?”

“மதுரையில” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும், “தொடச்சு வை. நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல அவிய பாக்கணும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் உறையிலிருந்து துப்பாக்கியை இழுத்தேன். வரவில்லை. வேப்பெண்ணெய் பிசினாகி ஒட்டியிருந்தது. அசைத்து அசைத்து எடுத்தேன். இடப்பக்கம் பரவாயில்லை. வலப்பக்கம், எண் இருக்கிற இடத்தில், நான் போட்ட இரட்டைத் தையல் அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு தையலும் தனித்தனியாக எண்ணலாம். ஆம்பூரில் சரியாகக் கழுவாத தோலில் உப்பு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டைக் கழித்துப் போட்டிருந்ததே அதனால்தான். அதைத்தான் நான் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வைத்திருந்தேன்.

எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் பொறுமையாகத் துடைத்திருக்கலாம். நாள் முழுக்க ஆகியிருக்கும். அவர் குளித்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மோட்டார் அறையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவந்து தேய்த்தேன். துரு போனது. கருநீலமும் போனது. எண்ணும் பாதி போனது.

“என்னலே பண்ணுத?”

துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

“நாலு… ஒண்ணு… இது என்ன, மூணா எட்டா?”

“எட்டு மொதலாளி.”

“ஒனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“துருப் பிடிச்சுப் போச்சுன்னு சொன்னா?”

“துரு ஒரே பக்கமா கோடு போட்டுத் தேய்க்குமால?” வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எல்லாக் கீறலும் ஒரே திசையில் போயிருந்தன. “நம்பர ராவுன துப்பாக்கின்னு எழுதுவான். புடுங்கிக்கிடுவான்.”

“நான்தான் தேய்ச்சேன்னு வந்து சொல்லுதேன்.”

“சொல்லு. இவன் கையில எதுக்குய்யா குடுத்தீருன்னுதான் அடுத்த கேள்வி. உரிமம் என் பேருல. நீ தொட்டது ஒனக்கும் கேசு, எனக்கும் கேசு. அதுக்கு நம்பர் போனதே மேலு.” துப்பாக்கியை ஜன்னல் திண்டில் வைத்தார். “எனக்குக் கண்ணு தெரியல, கை நடுங்குது, நானே தேய்ச்சுட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நம்புனாலும் நம்புவான். தோலு தைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இங்கன இருந்தா நம்பமாட்டான்.”

எனக்கு அது புரிந்தது. பையை எடுத்துச் சாமானை அடுக்கினேன்.

“ஒன் தையலும் இங்கன இருக்கக்கூடாது” என்று உறையை அவரே கொண்டுபோய் அடுப்பில் போட்டார். தோல் எரியும் நாற்றம் வீடு முழுக்கச் சுற்றியது. அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து இருவரும் சோறும் பருப்புத் துவையலும் சாப்பிட்டோம். பழைய கேன்வாஸ் உறையைத் தேடி எடுத்துத் தட்டினார், தூசி பறந்தது.

“போன் பண்ணாத. ஒன் நம்பரையும் அழிச்சிருதேன்” என்றார். பட்டனைத் தேடத் தெரியாமல் போனை என்னிடமே நீட்டினார். நானே என்னை அழித்துக் கொடுத்தேன்.

நாகலாபுரத்தில் பஸ் வர நேரமானது. விளாத்திகுளம் போய், எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி. ராத்திரி அங்கே பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்தேன். கொசு இருந்தது, மற்றபடி குறையில்லை. காலையில் முகம் கழுவி டீ குடித்துவிட்டு ரோட்டோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சீட் கவர் கடையில் பைக் சீட்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. முதலாளி ஒருவரே மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நின்று வேலை கேட்டேன்.

“முந்தி எங்கன வேல பாத்தீரு?”

“கோயம்புத்தூர்ல. இதே வேலை.”

“எப்ப விட்டீரு?”

“மூணு வருஷம் இருக்கும்.”

“அப்பொறம்?”

“எங்கயும் இல்ல அண்ணாச்சி.”

மிஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “மூணு வருஷம் சும்மாவா வே இருந்தீரு? எந்த மவராசன் சோறு போட்டான்?”

“யாரும் இல்ல.”

“காத்தக் குடிச்சுக் கெடந்தீராக்கும். எங்க ஊருக் காத்துல மண்ணு கெடக்கும், பாத்துக் குடியும்.” சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினார். “பழசக் கழட்டும். பாப்போம் ஒம்ம கையை.”

கடைச் சுவரில் கடிகாரம் ஒன்பதரையைக் காட்டியது. சீட்டைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூடிரைவரால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். கிழிந்த ரெக்ஸினை உரித்தால், உள்ளே ஸ்பாஞ்சு ஊறிப்போய் இருந்தது. வண்டி கழுவிய தண்ணீர். வாசலில் போய்ப் பிழிந்து, வெயிலில் காயப் போட்டுவிட்டு, அடுத்த சீட்டை எடுத்தேன்.